அரசியின் பேறுகாலம்

1643, செப்டம்பர் 14

ஏரிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். தலைநகரில் கொள்ளைநோய் பரவுகிறது, கருவுற்றிருக்கும் அரசி பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளைநோய் உண்மைதான்.

படகுத்துறையில் மீனவப் பெண்கள் மண்டியிட்டு வாழ்த்தினார்கள். ஒரு கிழவி என் வயிற்றைப் பார்த்துக் கண்கலங்கினாள். நான் ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டேன். அப்படி நிற்க வேண்டும் என்று ராக்ஹில்ட் சீமாட்டி வண்டியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். ராக்ஹில்ட் என் பணிப்பெண்களுக்குத் தலைவி. பேருக்குத்தான் என் ஆள். அவளுக்குக் கட்டளை வருவது முதலமைச்சர் கால்மென் பிரபுவிடமிருந்து.

என் வயிற்றில் இருப்பது வாத்து இறகும் தவிடும் அடைத்த ஒரு மெத்தை. ராக்ஹில்ட் தைத்தது. இதைவிடப் பெரியவை பெட்டியில் தயாராக இருக்கின்றன, மாதம் ஏற ஏற மாற்றிக்கொள்ள.

இந்த நாட்டில் என் தாய்மொழி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது எனக்குப் பெரிய குறை. இப்போது அது வசதியாகிவிட்டது. எழுதுகிறேன்.

செப்டம்பர் 17

இது எப்படி முடிவானது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் மூலிகைத் தோட்டத்தில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். கால்மென் வந்து தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

"அரசியாரே, நம்ம நாட்டுச் சட்டத்துல பொண்ணுக்கு மணிமுடி இல்ல. உங்களுக்கு ஆண்பிள்ளை தங்கல. அரசர் ரெண்டு வழியையும் யோசிச்சுப் பாத்துட்டாரு."

"முதல் வழி என்ன?"

"நீங்களும் அவரும் தூரத்துச் சொந்தம்னு திருச்சபை கண்டுபிடிக்கும். கல்யாணம் செல்லாதுன்னு ஆயிடும். நீங்க ஏதாவது ஒரு கன்னிமடத்துக்குப் போவீங்க."

"மார்கிட்?"

"செல்லாத கல்யாணத்துல பிறந்த குழந்தைக்கு என்ன பேருன்னு என் வாயால சொல்லணுமா?"

ஐந்து பிள்ளை பெற்றேன். நான்கு பேர் பேராலயத்தின் தரைக்கடியில் இருக்கிறார்கள். மார்கிட் ஒருத்திதான் மிச்சம், ஏழு வயது.

இரண்டாவது வழியையும் அவரே சொன்னார். எனக்குத் தலைவாரும் தோரா அரசரின் பிள்ளையைச் சுமக்கிறாள். "அந்தப் பிள்ளைய நீங்க பெத்துக்கணும்" என்றார், விருந்துக்கு அழைப்பதுபோல. பிறப்பது பெண்ணாக இருந்தால் என்ன செய்வதென்று கேட்டேன். "பெண்ணா இருக்காதுன்னு நம்புவோம்" என்றார்.

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. சரி என்றேன்.

செப்டம்பர் 20

மழை. மெத்தையைக் கட்டும் நாடா உரசி இடுப்பில் புண். ராக்ஹில்ட் பன்றிக்கொழுப்பு தடவினாள்.

அக்டோபர் 2

தோரா எனக்கு நேர் மேலே, கோபுர அறையில் இருக்கிறாள். வெளியே வரக் கூடாது. அவள் வேலையை விட்டுவிட்டு ஒரு சிப்பாயைக் கட்டிக்கொண்டு போய்விட்டதாக அரண்மனையில் சொல்லியாகிவிட்டது. இங்கே வந்ததிலிருந்து நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கும் எண்ணமும் இல்லை.

துறைமுகக் காவலன் ஒருவனின் மகள். பத்தொன்பது வயது. வாய் ஓயாது, ஆனால் கை மென்மை. சிக்கெடுக்கும்போது முடியின் அடியைப் பிடித்துக்கொள்வாள், வலிக்காது. ஏப்ரல் வேட்டைக்குப் புறப்பட்டபோது அரசர் அவளையும் பரிவாரத்தோடு வரச் சொன்னார். அரசி போகாத வேட்டைக்கு அரசியின் தலைவாரும் பெண் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மேலே அவள் நடப்பது கேட்கிறது. ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. சமையலறையிலிருந்து அவளுக்குப் போவது கஞ்சியும் உப்புமீனும் மட்டும்தானாம். என் தட்டிலிருந்து கோழியும் பிளம்பழப் பாகும் அனுப்பச் சொன்னேன். பிள்ளை நோஞ்சானாகப் பிறந்தால் திண்டாடப்போவது நான்.

அக்டோபர் 11

மார்கிட் என் மடியில் ஏற வந்தாள். தடுத்தேன்.

"தம்பி நசுங்கிடுவானா?"

"ஆமாம்."

"ஒரே ஒரு தடவ காத வெச்சுக் கேக்கறேன்மா. சும்மாதான்."

ராக்ஹில்ட் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மார்கிட் வாசலில் நின்று திரும்பி, "ஏம்மா உங்க வயிறு அசையவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். கணப்பில் விறகு போட்டுக்கொண்டிருந்த வேலைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பயல் தூங்கறான்" என்றேன்.

இனிமேல் மார்கிட்டை என் அறைக்குள் விட வேண்டாம், கும்பிடும் நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று ராக்ஹில்ட் சொல்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

அக்டோபர் 19

கரையிலிருந்து சீமாட்டிகள் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். ஆளுக்கு ஒரு கூடை பேரிக்காய். நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது பெருமூச்சு விட்டேன். ஒருத்தி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வயிறு முன்னால தள்ளி, உருண்டையா இருக்கு. பையனேதான்!" என்றாள். ராக்ஹில்டின் தையலை இதுவரை யாரும் இவ்வளவு மெச்சியதில்லை.

அவர்கள் போன பிறகு சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. ராக்ஹில்ட் தண்ணீர் கொடுத்தாள்.

அக்டோபர் 28

என் நடை சரியில்லை என்று ராக்ஹில்ட் குறை சொல்கிறாள். ஐந்து பேறு கண்ட உடம்பு எப்படி நடந்தது என்பதே மறந்துவிட்டது. மேலே போய் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னாள். அதற்காகத்தான் போனேன்.

தோரா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மண்டியிடப் பார்த்தாள், முடியவில்லை.

"அரசியம்மா, என்ன அடிக்க வந்தீங்களா?"

"உன் நடையப் பாக்க வந்தேன். நட."

நடந்தாள். காலில் செருப்பு இல்லை, துணி சுற்றியிருந்தாள். வீங்கிப்போய் எந்தச் செருப்பும் ஏறவில்லையாம்.

"இது எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளாவே இருக்கும்மா. அமுக்கினா குழி விழுது. இதோ பாருங்க." சின்னப்பிள்ளை மாதிரி அமுக்கிக் காட்டினாள்.

"தலை வலிக்குதா?"

"சாயங்காலமானா வலிக்கும். கண்ணுல பூச்சி பறக்கும்."

என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கால், கை, பிறகு முகம், பிறகு வலிப்பு. அதை இவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நான் கதவருகே போனதும் அவசரமாகச் சொன்னாள்: "நான் வேணும்னு செய்யலம்மா. அவரு அரசரு. கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல நான் யாரு?"

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். என்னுடைய ஆட்டுத்தோல் செருப்பைக் கொடுத்தனுப்பினேன். அது எனக்கு எப்போதுமே பெரிதாக இருந்தது.

நவம்பர் 9

மறுபடியும் போனேன். நடை பழக. போனபோது அவள் முடி சிக்குப்பிடித்து ஒரே கற்றையாக இருந்தது. கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறதாம். சீப்பை வாங்கி நானே சிக்கெடுத்துவிட்டேன். பேன் பிடித்தால் கோட்டை முழுக்கப் பரவும்.

பேசிக்கொண்டே இருந்தாள். கால்மென் பிரபு அவளுக்கு வடக்கே ஒரு பண்ணை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "ஆறு மாடும் ஒரு ஆப்பிள் தோட்டமும் இருக்காம்மா. எங்கப்பாவ அங்க கூட்டிக்குவேன். அவருக்குக் கடல் காத்து ஒத்துக்கல." பிறகு கேட்டாள்: "பிறந்ததும் ஒரு தடவ கையில குடுப்பீங்களா? முகம் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 16

சாப்பாட்டுக்குப் பிறகு ராக்ஹில்டோடு தீவைச் சுற்றி நடந்தேன். தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"யார் செத்தது?" என்று கேட்டேன்.

அவர்களில் மூத்தவன் குல்லாயைக் கழற்றினான். "யாரும் சாகலங்க அரசியம்மா. பனி இறுகிப்போச்சுன்னா மண்வெட்டி இறங்காது. முன்கூட்டியே ஒண்ணு தோண்டி வெக்கச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

அவன் ராக்ஹில்டைப் பார்த்தான். அவள் சட்டென்று, "லாயத்துல ஒரு கிழவன் இழுத்துக்கிட்டு கிடக்கான், அரசியாரே. குளிர்காலம் தாண்ட மாட்டான்" என்றாள்.

குழியைப் பலகை போட்டு மூடி, மேலே கல் வைத்தார்கள்.

மாலையில் குதிரைகளுக்கு ஆப்பிள் கொடுக்கும் சாக்கில் லாயத்துக்குப் போனேன். அங்கே கிழவன் யாரும் இல்லை. ஒருவனுக்கு ஜலதோஷம்கூட இல்லை.

அந்தக் குழி அவ்வளவு நீளமில்லை. தோரா உயரம் குறைந்தவள்.

நவம்பர் 17

மார்கிட்டுக்கு இருமல். வெங்காயச் சாறும் தேனும் கொடுத்தனுப்பினேன். ஞானஸ்நான உடைக்கு முத்து தைக்க ஆரம்பித்தேன்.

நவம்பர் 25

"வீக்கம் முகத்துக்கு ஏறிடுச்சு" என்றாள் ராக்ஹில்ட். "பிள்ள பிழைச்சா போதும். அதுக்கப்புறம் அவ தானாவே போயிட்டா யாருக்கும் பாவமில்ல."

நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. தோரா உயிரோடு இருக்கும்வரை இந்த ரகசியத்துக்கு ஒரு வாய் உண்டு. அந்த வாய் எங்காவது ஒரு திருவிழாவில், ஒரு பால்காரியிடம் திறந்தால் போதும், மார்கிட் தெருவில் நிற்பாள். நான் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. குழி தோண்டச் சொன்னதும் நான் இல்லை.

முத்து தைக்கும்போது விரலில் குத்திக்கொண்டேன். உடையில் கறை. எலுமிச்சை போட்டுக் கழுவியும் போகவில்லை.

டிசம்பர் 6

ஏரி உறைந்துவிட்டது. இனிப் படகு இல்லை, சறுக்கு வண்டிதான். மார்கிட் எலும்புச் சறுக்குக்கட்டை கட்டிக்கொண்டு பனிமேல் விழுந்து விழுந்து எழுந்தாள். அவள் என் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. ஆனால் மேலே கோபுர ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ராக்ஹில்ட் கேட்டதற்கு, "தெரியாது, ஆனா அவங்க தினமும் கையாட்டுவாங்க" என்றாளாம்.

ராக்ஹில்ட் கோபுர ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொன்னாள். ஒரு பலகை இடைவெளி விடச் சொன்னேன். வெளிச்சம் இல்லாமல் கிடந்தால் கரு வளராது.

டிசம்பர் 13

மருத்துவச்சி அன்னெக்கே வந்துவிட்டாள். பேறு முடியும்வரை இங்கேதான் இருப்பாள். கனத்த உடம்பு, சிவந்த கைகள், யாரையும் நேராகப் பார்க்காத கண்கள். மார்கிட் பிறந்தபோது எனக்குப் பேறு பார்த்தவள் இவள்தான். அப்போதெல்லாம் நேராகப் பார்ப்பாள்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், வேலைக்காரிகள் பார்ப்பதற்காக. கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"உன்கிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"

"பிள்ளையப் பத்திரமா எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க அரசியம்மா."

"பிள்ளைய எடுத்தப்புறம்?"

அழ ஆரம்பித்தாள். அவ்வளவு பெரிய உருவம் அழுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரு கிண்ணம் குடுப்பாங்களாம். வலிக்கு மருந்துன்னு சொல்லிக் குடிக்க வெக்கணுமாம். அத ராக்ஹில்ட் சீமாட்டி அவங்க பெட்டியில வெச்சிருக்காங்க. எனக்கு நாலு பேத்திங்கம்மா. மாட்டேன்னு சொல்ல முடியல."

"நீ எதையும் சொல்லல, நான் எதையும் கேக்கல" என்று அனுப்பிவிட்டேன். பிறகு வெகுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தேன். காரணம் எதுவும் இல்லை, தண்ணீர் வெந்நீராக இருந்தது.

டிசம்பர் 25

அரசர் வரவில்லை. நரித் தோலில் கையுறை அனுப்பியிருக்கிறார். எனக்கு மட்டும். வழிபாட்டில் என் உடல்நலத்துக்காகப் பிரார்த்தித்தார்கள். நான் யாருக்காகப் பிரார்த்தித்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

1644, ஜனவரி 8

இன்று ராக்ஹில்டிடம் ஒரு யோசனை சொன்னேன். பேறு கோபுரத்தில் நடந்தால், அலறல் மேலேயிருந்து வரும், அரசி கீழே படுத்திருப்பாள். சாட்சிக்கு வரும் பிரபுக்கள் என் முன்னறையில்தான் காத்திருப்பார்கள். அவர்களுக்குக் காது இல்லையா? வலி வந்ததும் தோராவை உள்படிக்கட்டு வழியாக என் படுக்கையறைக்குக் கொண்டுவர வேண்டும்.

அவள் யோசித்தாள். தனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று வெட்கப்பட்டாள்கூட. "நீங்க சொல்றதுதான் சரி, அரசியாரே."

இது ஏற்பாடு ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக மட்டும்.

ஜனவரி 15

கால்மெனும் மூன்று சாட்சிப் பிரபுக்களும் பனிமேல் சறுக்கு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள். நாளெல்லாம் சீட்டாடுகிறார்கள். தோராவால் இப்போது கண்ணைத் திறக்க முடிவதில்லை, இமை அவ்வளவு வீங்கியிருக்கிறது. "பண்ணையில நாய் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

ஜனவரி 21

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் வலி வந்தது. அன்னெக்கேயும் நானும் அவளைத் தாங்கி இறக்கினோம். என் கட்டிலில் படுக்க வைத்தோம். அவள் கத்தியபோது முன்னறையில் சீட்டாட்டம் நிற்பது கேட்டது. அவள் வாய் ஓய்ந்தபோது நான் கத்தினேன். கத்த ஆரம்பித்த பிறகு எனக்கு அது கஷ்டமாக இல்லை. எந்தக் குரல் யாருடையது என்று கடைசியில் எங்களுக்கே தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். எலும்பு நொறுங்கும்போல இருந்தது.

நண்பகல் மணிக்குப் பிறகு பிள்ளை வந்தான். ஆண். உடனே அழுதான். தோரா தலையைத் தூக்கி, "முகம்…" என்றாள். ராக்ஹில்ட் அதற்குள் அவனைத் துணியில் சுற்றி அந்தப்பக்கம் கொண்டுபோய்விட்டாள். அப்போதுதான் தோராவுக்கு வலிப்பு வந்தது. அன்னெக்கே அவள் பல்லுக்கிடையில் மரக்கரண்டியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அது அடங்கியதும் அவளைத் தூக்கிக் கட்டிலுக்குப் பின்னால், திரைக்கு அந்தப்பக்கம் வைக்கோல் மெத்தையில் போட்டோம். மூச்சு இருந்தது. நான் வயிற்று மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவள் இரத்தம் ஊறிய விரிப்பின்மேல் ஏறிப் படுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

பிரபுக்கள் கதவைத் தட்டினார்கள். "ஒரு நிமிஷம்!" என்று ராக்ஹில்ட் குரல் கொடுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். திரையை நோக்கிப் போனாள்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"வலிக்கு மருந்து, அரசியாரே."

"யாருக்கு?"

"அவளுக்கு."

"பிள்ள பெத்தவ நான். வலி எனக்கு. மருந்த என்கிட்ட குடு."

"விளையாடாதீங்க. வெளிய நிக்கறாங்க."

"நிக்கட்டும். குடு."

அவள் அசையவில்லை. நான் எட்டிக் கிண்ணத்தைப் பிடுங்கினேன். கொஞ்சம் என் மார்பில் சிந்தியது. கசப்பு வாதுமை வாசனை. கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனேன். நான் மிரட்டுவதற்காக அப்படிச் செய்தேன் என்று எழுதலாம். அந்த நேரத்தில் அது மிரட்டல்தானா என்று எனக்குத் தெரியாது.

ராக்ஹில்ட் பாய்ந்து தட்டிவிட்டாள். கிண்ணம் கணப்புக் கல்லில் மோதி உருண்டது. அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அன்னெக்கே ஒரு மூலையில் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப கதவத் திற" என்றேன்.

பிரபுக்கள் உள்ளே வந்தார்கள். ராக்ஹில்ட் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். வாங்கி உயர்த்திப் பிடித்தேன். மூவரும் மண்டியிட்டார்கள். கால்மென் மட்டும் தரையில் கிடந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மண்டியிட்டார்.

வெளியே மணி அடித்தார்கள். திரைக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 22

கால்மென் தனியாக வந்தார். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரை திறந்திருந்தது. தோரா மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்ன நடந்துச்சுன்னு ராக்ஹில்ட் சொன்னா. பேறு கண்ட பொம்பளைக்குப் புத்தி கொஞ்சம் பேதலிக்கறது சகஜம்."

"எனக்குப் பேறே ஆகலயே, பிரபு."

அவர் புன்னகைத்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"பிள்ளைக்குப் பால்கொடுக்க ஒரு ஆள் வேணும். தோரா கொடுப்பா. சிப்பாய் புருஷன் செத்துட்டான், அவ பிள்ளையும் செத்துப் பிறந்துச்சு, திரும்ப வேலைக்கு வந்துட்டா. அவ என் அறையிலதான் படுப்பா, என் தட்டுலதான் சாப்பிடுவா. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஞானஸ்நானத்தன்னிக்கு எல்லா நாட்டுத் தூதருங்க முன்னாலயும் நான் வாயத் திறப்பேன். அதுக்கப்புறமும் எனக்கு வாய் இருக்கும்."

"நீங்க வாயத் திறந்தா மார்கிட் என்ன ஆவான்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அதனாலதான் நாம எல்லாருமே சும்மா இருப்போம்."

ரொம்ப நேரம் அவர் கையுறையைத் தடவிக்கொண்டிருந்தார். கோபமே இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"நீங்க சும்மா இருப்பீங்கன்னு எனக்கும் ஒரு பிடி வேணும்ல, அரசியாரே? ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் தராசு நிக்கும்." எழுந்து குனிந்து வணங்கினார். "லோர்டென் பிரபுவோட பையனுக்கு மார்கிட்ட கேட்டுட்டு இருக்காங்க. அந்தக் குடும்பத்துக்கு வெளியூர் மருமகள சின்ன வயசுலேயே கொண்டுபோய்த் தங்களோட ஊர்ப்பழக்கத்துல வளக்கறதுதான் வழக்கம். அங்க இருக்கறவங்க எல்லாம் என் ஆளுங்க. நீங்க சும்மா இருக்கற வரைக்கும் குழந்தை சௌக்கியமா இருக்கும்."

ஜனவரி 26

தோராவுக்குக் காய்ச்சல் விட்டது. கண் திறந்து பார்க்கிறாள். பால் சுரக்கிறது.

பிப்ரவரி 3

அரசர் வந்தார். வேட்டை உடையிலேயே. பிள்ளையின் துணியைத் தானே விலக்கி, ஆண்தான் என்று பார்த்துக்கொண்டார். என் நெற்றியில் முத்தமிட்டார். குதிரை வாசனை. மூலையில் குனிந்து நின்ற தோராவை அவர் பார்க்கவில்லை. பார்த்தும் அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். வீக்கம் வடிந்த பிறகு அவள் முகம் முன்புபோல் இல்லை.

மார்கிட்டின் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். வசந்தம் வரைக்குமாவது. "அதெல்லாம் கால்மென் பாத்துப்பாரு" என்றார்.

பிப்ரவரி 15

இன்று மார்கிட் போனாள்.

ரோமக் கோட்டில் ஒரு கரடிக்குட்டிபோல நின்றாள். அழவில்லை. முற்றத்தில் சறுக்கு வண்டி தயாராக நின்றது. அவளோடு போகும் லோர்டென் சீமாட்டி வண்டியில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். நான் மண்டியிட்டு மார்கிட்டின் குல்லாயைக் கட்டிவிட்டேன்.

"தம்பி வந்துட்டான், அதனாலதானே?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. நீ கல்யாணம் கட்டிக்கப்போற வீடு. அங்க கண்ணாடிக் கூரை போட்ட எலுமிச்சைத் தோட்டம் இருக்கு. குளிர்காலத்துலயும் காய்க்கும்."

"எனக்கு எலுமிச்சை பிடிக்காது." பிறகு என் காதருகே மெதுவாக, "நான் சத்தமே போட மாட்டேன்மா. மடியில ஏற மாட்டேன். இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவளை யாரோ தூக்கி வண்டியில் வைத்தார்கள். வண்டி துறையிலிருந்து இறங்கிப் பனியில் ஏறியது. அவள் முதுகு தெரிந்தது. ஓரிடத்திலாவது திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்தேன். தோரா பிள்ளையோடு ஜன்னலருகே நின்றிருந்தாள். அன்று அவள் தூங்கவில்லை, கால்மென் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அரசியம்மா, நான் போயிடறேன். எங்கயாவது போயிடறேன். குட்டியம்மாவத் திருப்பிக் கூப்பிடுங்க. வண்டி இன்னும் கரைக்குப் போயிருக்காது."

"நீ அந்தக் கரையத் தாண்ட மாட்டே."

"தாண்டலன்னா போகட்டும்! எனக்காக எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன நல்லது செஞ்சேன்? குட்டியம்மா என்ன பாவம் பண்ணுச்சு?"

"உனக்காக ஒண்ணும் பண்ணல" என்றேன். "பிள்ளைக்குப் பால் வேணும்."

அவள் அதை நம்பவில்லை. அழுதுகொண்டே இருந்தாள். பிள்ளையும் அழ ஆரம்பித்தான், இரண்டு அழுகையும் சேர்ந்து அறை நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பாலுக்கு விட்டாள். நான் கணப்பருகே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். கை சூடாகவே இல்லை.

அவன் குடித்து முடித்ததும் எழுந்துவந்து, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள். சாட்சிகளுக்குக் காட்டிய அன்றைக்குப் பிறகு நான் அவனைத் தூக்கியதில்லை. தூக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தான். மார்கிட் இந்த வயதில் இவ்வளவு கனம் இல்லை.